ஆன்லைன் வகுப்பில் இன்டர்வெல் கிடையாது

காலடிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு 13 வயது. தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு முடியும் தறுவாயில், எண்ணூர் விரைவுச் சாலையில் தந்தையுடன் பைக்கில் வந்தபோது கன்டெய்னர் லாரி உரசி விழுந்ததில், பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள், புண்ணில் சீழ் பிடித்ததால் மறுபடியும் அறுவை சிகிச்சை. ஏழாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலிருந்தே, பள்ளி அனுப்பிய வீடியோ இணைப்பின் வழியாகப் படித்தான். மதிப்பெண்கள் 90-ஐத் தாண்டின. மருத்துவர் நடக்கலாம் என்று சொன்னபின் இந்த ஜூனில் பள்ளிக்குத் திரும்பினான். காலாண்டுத் தேர்வு வரை தட்டுத்தடுமாறிப் போனவன், விடுமுறைக்குப் பிறகு போகவே இல்லை. காலையில் வயிற்றுவலி, சில நாள் வாந்தி. பத்து மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. 'செல்போன் கெடுத்துவிட்டது, நடிக்கிறான்' என்று தந்தை கத்துகிறார். பள்ளியோ, மீண்டும் ஆன்லைன் இணைப்பைத் தருவதாகவும், அதுவும் சரிவரவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கட்டணப் பாக்கி இருப்பதால் டி.சி. கிடைக்காது, டி.சி. இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்கமாட்டார்கள், வருகைக் குறைவால் எட்டாம் வகுப்பில் நிறுத்திவிடுவார்கள் என்றெல்லாம் அவர் அஞ்சுகிறார். அரையாண்டு வரை வீட்டில் இருக்கட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாமா, அல்லது திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்து வீட்டிலேயே படிக்க வைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்றிருக்கும் இரண்டு வரிகளைக் குறிப்பிட வேண்டும். 'தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பியபடியே நிறைந்து திரும்பி வரும்' என்பது ஒன்று. 'இன்டர்வெல்லில் ஒரு பையன் இவனைப் போல நடந்து காட்டினானாம், தங்கைதான் சொன்னாள். இவனைக் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்' என்பது மற்றொன்று. கடிதத்தை மூன்று முறை படித்த பிறகும், உங்கள் மகனின் நிலையை விளக்கும் செய்தி இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டிலிருந்து படித்த அந்த ஆண்டில் அவன் மார்புக்கு மேலே மட்டுமே மற்றவர்களுக்குத் தெரிந்தான். அவன் எப்படி நடக்கிறான் என்பதை யாரும் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் கேமராவை அணைத்துக்கொள்ளவும் முடிந்தது. பாடம் முடிந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது, அவ்வளவுதான். பள்ளி என்பதோ பாடவேளைகள் மட்டும் சேர்ந்தது அன்று. பிரேயரில் வரிசையாக நிற்பது, மணி அடித்ததும் மாடிப்படியில் நெருக்கியடித்து இறங்குவது, இன்டர்வெல்லில் யாருடன் நிற்பது, டிபன் பாக்ஸை எந்தக் கூட்டத்தில் திறப்பது, பி.டி. வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு பள்ளி நாள். ஆசிரியர் முன்னால் நிற்கும் நாற்பது நிமிடங்கள் உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆசிரியர் இல்லாத பத்து நிமிடங்கள்தான் பூதாகரமாகத் தெரிகின்றன. ஏழாம் வகுப்புப் பாடத்தை அவன் விட்டுவிடவில்லை. இன்டர்வெல்லைத்தான் ஒரு வருடம் முழுக்க விட்டுவிட்டான்.

இது அவனுக்கு முதல் முறையும் அன்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அப்படியானால் இரண்டாம் வகுப்பில் வெளியே வந்தவன் நான்காம் வகுப்பில்தான் மீண்டும் உள்ளே நுழைந்திருக்கிறான். சண்டை போட்டு, 'காய்' விட்டு, மறுநாளே 'பழம்' விட்டுச் சேர்ந்துகொள்ளும் வித்தையைப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் பழகும் வயது அது. அந்த இடைவெளியை நிரப்ப அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. முதல் மூன்று வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிய 2022-இல் உங்கள் மகன் அதற்குரிய வகுப்புகளைக் கடந்திருந்தான். தனியார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வீட்டில் செல்போன் இருந்ததால் குறை ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

வயிற்றுவலி நடிப்பா?

நடிப்பு இல்லை. பயம் வந்தால் குடல் இறுகும், குமட்டும், வாந்தி வரும். இது உடம்பு தானாகச் செய்யும் வேலை, மூளை திட்டமிட்டுச் செய்வதன்று. பத்து மணிக்குச் சரியாகிவிடுவதற்குக் காரணம், இனி இன்று போக வேண்டியதில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுவதுதான். ஞாயிறு மாலை தொடங்குகிறது, சனிக்கிழமை வலிப்பதே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதையே காட்டுகிறது. 'பொய் சொல்கிறான் என்பதற்கு இதுவே சாட்சி' என்று உங்கள் கணவர் சொல்கிறார். பதற்றத்தால் வரும் வலியின் வழக்கமான போக்கே இப்படித்தான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிடவும் எனக்கு மனமில்லை, அந்தத் தண்ணீர் பாட்டில் காரணமாக. காலை ஏழரையிலிருந்து மாலை நான்கு மணி வரை ஒரு பையன் ஏன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை? குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது குந்தி உட்காரும் கழிவறை. தொடையில் பிளேட் வைத்து, இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவனால் குந்தி உட்கார்ந்து எழ முடிகிறதா? கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, வெளியே யாராவது தட்டிக்கொண்டே இருக்கிறார்களா? 13 வயதுப் பையன் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டான். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். இப்படி அடக்கி அடக்கிப் பழகியதால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்திருக்கலாம்; இரண்டும் ஸ்கேனில் தெரியாமல் போகக்கூடும். எனவே ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அவனிடம் 'ஏன் போகமாட்டேன் என்கிறாய்' என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்கு அவனிடமே பதில் இல்லை. அதற்குப் பதிலாக, கேட்டுக்குள் நுழைவதிலிருந்து வீடு திரும்புவது வரையிலான நேரத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எண் போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்துக்கு இரண்டும், மாடிப்படிக்கு எட்டும், சாப்பாட்டு வேளைக்குப் பத்தும் போட்டான் என்றால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். இதைத் தங்கை இல்லாத நேரத்தில் செய்யுங்கள். அவள்தான் சொன்னாள் என்று தெரிந்தால் அடுத்த செய்தி உங்களுக்கு வராது.

ஆன்லைன் இணைப்பை ஏற்கலாமா?

பள்ளி அன்போடுதான் அதைத் தருகிறது. கால் கட்டுடன் படுத்திருந்த பிள்ளைக்கு அது உயிர்நாடியாக இருந்தது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் நடக்கக்கூடிய நிலையில், பயத்தால் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அதே இணைப்பு வேறு வேலையைச் செய்யும். பயத்தை எதிர்கொள்ளாமலேயே மதிப்பெண் வாங்க முடியும் என்று கற்றுக்கொடுக்கும். வீட்டில் கழியும் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்தைக் கடினமாக்குகிறது. 'இவ்வளவு நாள் ஏன் வரவில்லை' என்று வகுப்பில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதே புதிய பயமாகச் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஜனவரி வரை காத்திருப்பதை நான் ஆதரிக்கவில்லை. இணைப்பைப் பெற்றுக்கொள்வதானால், முடியும் தேதியை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குப் பெற்றுக்கொள்ளுங்கள்.

காலாண்டில் மதிப்பெண் சரிந்ததை வைத்து, தலையில் அடிபட்டிருக்குமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். விபத்தின்போது நினைவு தவறவில்லை, தலையில் காயமில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், நான் வேறு காரணத்தையே முதலில் பார்ப்பேன். வீட்டில் எழுதிய தேர்வுகளில் புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது, நேரக் கட்டுப்பாடும் தளர்வாக இருந்தது. இப்போது கை வேகம் போதவில்லை. அந்த 90-ஐக் கிளறிக் குற்றம் சொல்லாமல், தினமும் இருபது நிமிடம் கடிகாரம் வைத்து எழுத வையுங்கள், போதும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

வாய்மொழியாக வேண்டாம், பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, ஒப்புகைக் கையெழுத்துடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். குந்தி உட்காரக்கூடாது, எத்தனை மாடி ஏறலாம், எந்த விளையாட்டு கூடாது, எது கூடும் என்று எலும்பு மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதையும் இணையுங்கள். கேட்க வேண்டியவை சிறியவைதான். ஆசிரியர்களுக்கான கழிவறையில் மேற்கத்திய இருக்கை இருந்தால் அதைப் பயன்படுத்த அனுமதி, மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே வகுப்பிலிருந்து கிளம்பிப் படியிறங்க அனுமதி, முடிந்தால் எட்டாம் வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுவது, முதல் சில வாரங்களுக்கு இன்டர்வெல்லில், அவனே தேர்ந்தெடுக்கும் ஒரு நண்பனுடன் நூலகத்தில் இருப்பது, பி.டி. வகுப்பில் சும்மா உட்கார வைக்காமல் ஸ்கோர் எழுதுவது போன்ற ஒரு வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு இத்தகைய நியாயமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமையை விதித்திருக்கிறது. அந்தச் சட்டம் நீண்டகாலப் பாதிப்பு உள்ளவர்களைப் பற்றியது. உங்கள் மகனின் தாங்கல் நடை நிரந்தரமா, சரியாகிவிடுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல். நியாயமான ஏற்பாட்டைக் கேட்க அந்தச் சதவீதம் தேவையில்லை. எப்படியும் சட்டத்தை முதல் கடிதத்திலேயே நீட்ட வேண்டாம். மருத்துவர் சீட்டைப் பார்த்ததும் பெரும்பாலான பள்ளிகள் இசைந்துவிடும்.

நடந்து காட்டிய பையன் விஷயத்தில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். பிரேயரில் மைக்கைப் பிடித்து 'ஊனமுற்றவரைக் கேலி செய்யக்கூடாது' என்று அறிவுரை சொல்லிவிடுகிறோம் என்று பள்ளி சொன்னால், அதையும் பணிவாக மறுத்துவிடுங்கள். அன்றைக்கு ஆயிரம் தலைகள் உங்கள் மகன் பக்கம் திரும்பும். வகுப்பு ஆசிரியை அந்தப் பையனைத் தனியே அழைத்துப் பேசினால் போதும். பெயரைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்டதில் ஏற்கெனவே மோசமாகித்தான் இருக்கிறது. மகனுக்கும் ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். 'ஆக்சிடென்ட்டுல எலும்பு உடைஞ்சுது, பிளேட்டு வெச்சிருக்காங்க, அதான்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடும்படி வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தெரியாமல் கேட்பவர்கள்தான். ஒருமுறை தெரிந்துவிட்டால் அவர்களுக்கு அதில் சுவாரஸ்யம் போய்விடும்.

படிப்படியாகத் திரும்புவது

திங்கட்கிழமை தொடங்க வேண்டாம். புதன்கிழமை தொடங்கினால், சனி விடுமுறையாக இருக்கும் வாரத்தில் மூன்று நாளில் ஓய்வு கிடைத்துவிடும். முதல் மூன்று நாள் காலையில் போய், முதல் இன்டர்வெல்லையும் நண்பனுடன் நூலகத்தில் கழித்து, சாப்பாட்டு மணிக்கு முன் வீடு திரும்பட்டும். சில பள்ளிகள் இன்டர்வெல் வருவதற்கு முன்பே பிள்ளையை அனுப்பிவைத்துவிடும். அது கருணை போலத் தோன்றினாலும், எதற்குப் பயப்படுகிறானோ அதை மட்டும் கவனமாகத் தவிர்ப்பதில்தான் முடியும். இரண்டாவது வாரம் சாப்பாட்டு வேளையும் சேரட்டும். மூன்றாவது வாரம் முழு நாள். இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் அதே கட்டத்திலிருந்து தொடருங்கள், ஆரம்பத்துக்குப் போக வேண்டாம்.

காலையில் 'வலிக்கிறதா', 'இன்றைக்குப் போகிறாயா' என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் பேரம் தொடங்கிவிடும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் வீடு, இல்லையென்றால் பள்ளி, வாந்தி எடுத்தாலும் வாய் கொப்பளித்துவிட்டுக் கிளம்புவது என்ற விதியை முன்னிரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனையில் வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகே இந்த விதி. வீட்டில் தங்க நேர்ந்த நாட்களில், பள்ளி நேரம் முடியும் வரை செல்போன் உங்களிடம் இருக்கட்டும். தண்டனை என்று சொல்ல வேண்டாம், அது பள்ளி நேரம் என்று மட்டும் சொல்லுங்கள்.

போகும் வழியும் முக்கியம். விபத்து நடந்த அதே சாலையில், ஷேர் ஆட்டோவில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் தினமும் போய்வந்திருக்கிறான் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டைக்கு மெட்ரோவில் மூன்றே நிறுத்தம், நிலையங்களில் லிஃப்டும் உண்டு. கட்டணம் கூடுதலாக இருந்தாலும் முதல் மாதத்துக்கு அதையே யோசியுங்கள். முடிந்தால் உங்கள் கணவர் உடன் செல்லட்டும். விபத்துக்குப் பிறகு அவர் வண்டியையே தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகன்மேல் அவர் காட்டும் கோபத்தில் எவ்வளவு பங்கு தன்மேலேயே உள்ள கோபம் என்பதை அவரிடம் நான் கேட்க முடியாது, நீங்கள் கேட்கலாம். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் கேளுங்கள்.

டி.சி., பாக்கி, வருகைக் குறைவு

இங்கே உங்கள் அச்சங்கள் பெரும்பாலும் தேவையற்றவை. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி, எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 'டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது ஆலோசனைதான், உத்தரவாக முடியாது. நீங்களாக எழுதிக் கொடுக்காதவரை அவன் அந்தப் பள்ளியின் மாணவனே. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சியை நிறுத்திவைக்கும் முறையை மத்திய அரசின் பள்ளிகள் மேற்கொண்டாலும், மாநிலப் பாடத்திட்டத்தில் அது கிடையாது என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்காக அலட்சியமும் வேண்டாம். பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவைக் கறாராகப் பார்ப்பார்கள், இந்தப் பழக்கம் அதுவரை நீடித்தால் அப்போது யாரும் உதவ முடியாது.

பள்ளியை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் உரிமையை அதே சட்டம் தருகிறது. டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி அந்தப் பள்ளிகள் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. இதற்குப் பாக்கி தள்ளுபடியாகிவிட்டது என்று பொருளில்லை. பள்ளி அதைத் தனியாக வசூலிக்கலாம், எனவே தவணை கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவது உங்களுக்கும் கௌரவம். நடைமுறையில் சிக்கல் வருவது, கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணில்தான்: பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். இழுத்தடித்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆயினும் என் கருத்து, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே. புதிய பள்ளியிலும் இன்டர்வெல் உண்டு. அங்கே அவனுக்குத் தெரிந்த அந்த ஒரு நண்பன்கூட இருக்கமாட்டான்.

திறந்தநிலைப் பள்ளியைப் பொறுத்தவரை, தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு நிலையில் சேர 14 வயது நிரம்ப வேண்டும்; ஆகவே இன்றைக்கு அது பதிலாகாது. நோயாலோ வேலையாலோ பள்ளிக்குப் போக இயலாதவர்களுக்கு அது நல்ல வழி. பயத்தை ஒத்திப்போட அதைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

எப்போது உதவி தேட வேண்டும்

விபத்தைப் பற்றிய கெட்ட கனவுகளால் விழித்துக்கொண்டே இருந்தாலோ, லாரிச் சத்தத்துக்கே உடல் நடுங்கினாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போனாலோ, 'நான் இருந்து என்ன' என்பதுபோல ஒருமுறை பேசினாலும்கூட, மேலே சொன்ன கட்டங்களை முயன்றுகொண்டு காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே போவதால் 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும் என்று உங்கள் மாமியார் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். இரவில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இவை எதுவும் இல்லாமல், மூன்று வார முயற்சிக்குப் பிறகும் கேட்டைத் தாண்டவே முடியவில்லை என்றால், அப்போதும் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்; பள்ளியிலிருந்து வகுப்பு ஆசிரியையும் ஒருமுறை வந்தால் நல்லது.

முதலில் எலும்பு மருத்துவரிடம் அந்தச் சீட்டை வாங்கிவிடுங்கள், அதே வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் முடியட்டும். முதல்வரைப் பார்க்கப் போகும்போது, வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு மகனையும் அழைத்துப் போய், ஆசிரியர்களின் கழிவறை எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவன் கண்ணாலேயே பார்க்கும்படி செய்யுங்கள்.